நான் பூட்டிய பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு கலைக்களஞ்சியத்துக்குக் காவல்காரனாக இருந்தேன். யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே போய் மாட்டிக்கொண்டேன். அப்போது சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லேபில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இன்டர்நெட் உண்டு. மோடம் கத்தித் தீர்த்த பிறகுதான் லைன் கிடைக்கும். அந்த அறையின் சாவி என்னிடம் இருந்தது.

வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த என் பழைய வகுப்புத் தோழன் ஒருநாள் மின்னஞ்சல் போட்டான். அவனுடைய பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். நம் வட்டாரத்து ஊர், பயிர், பலகாரம், பேச்சு எல்லாவற்றையும் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற மாதிரி ஒரு தளம் செய்வோமா என்று கேட்டான். எனக்கும் வேறு வேலை இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘திருத்து’ என்று ஒரு பொத்தான். பழைய வடிவம் அழியாமல் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். யார் எப்போது எங்கிருந்து மாற்றினார்கள் என்பதும் பதிவாகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் பேசித் தீர்த்துக்கொள்ள இன்னொரு பக்கம். தனியாக எழுத்துரு இறக்கிப் போட்டால்தான் தமிழ் தெரியும். போடாதவர்களுக்குத் திரையில் பூச்சி ஊரும்.

முதல் சண்டை அரிசிம்பருப்பு சாதத்தில் வந்தது. கொடுமுடியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதில் தேங்காய் போட வேண்டும் என்று எழுதினார். கோயமுத்தூரில் மில் இன்ஜினியர் ஒருவர் தேங்காயை எடுத்தார். வாத்தியார் திரும்பப் போட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. ‘ஐயா அவர்களின் மேலான வரியை நீக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேனுங்க’ என்று காரணம் எழுதிவிட்டுத்தான் நீக்குவார்கள். மரியாதையாகவே ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். நான் வாத்தியாருக்கு எச்சரிக்கை அனுப்பினேன். என் எச்சரிக்கையின் லட்சணம் இது: ‘தாங்கள் இந்த வயதில் இவ்வளவு சிரமப்பட வேண்டாமேங்க.’ அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார். ‘சிரமமே இல்லீங்க தம்பி, பையன் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருக்கான், பொழுது போகுது’ என்று பதில் வந்தது. மறுநாள் தேங்காயோடு பூண்டும் சேர்ந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஊரில் பிறந்துவிட்டு ஒரு ஆளைத் தடுப்பது எப்படி? விதி ஒன்று போட்டால்தான் ஆகும் என்று முடிவு செய்தேன். விதிக்கு முகம் கிடையாது, அதனால் மரியாதையும் தேவையில்லை. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன்: ‘எங்கள் வீட்டில் அப்படித்தான், நான் கண்ணால் பார்த்தேன், எனக்கு நினைவிருக்கிறது என்பவை சான்றாகா. அச்சில் வந்தது மட்டுமே சான்று. சான்று இல்லாத வரி நீக்கப்படும். மீண்டும் மீண்டும் சேர்த்தால் பக்கம் பூட்டப்படும்.’ தோழன் பிரமாதம் என்றான். நானும் ஏதோ சாதித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

என் பெரியப்பாவுக்கு இந்த விஷயம் எப்படியோ காதுக்குப் போனது. அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். பெருந்துறைக்குத் தள்ளி எங்கள் ஊர். அங்கே தோட்டம், ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு நூல் மில். ஒரு சனிக்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில் லேபுக்கே வந்துவிட்டார். திரையில் எங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம கெணத்தப் பத்தி ஒண்ணுமே காணமே கண்ணு.”

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், என் விதி அப்போது நினைவுக்கே வரவில்லை. ஊரே காய்ந்து கிடந்த பஞ்சத்தில் வற்றாமல் நின்ற கிணறு. அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் குடத்தோடு வந்து தண்ணீர் எடுத்துப் போன கிணறு. இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் ஒருவரையும் இல்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பத்தியின் கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

‘இந்தக் கிணற்றை ஆழப்படுத்தியபோது நான்கு வேட்டு வைத்து மூன்று சத்தம்தான் கேட்டது. அது தெரிந்தும் ஒருவரை உள்ளே இறக்கினார்கள். நான்காவது வேட்டு வெடித்து அவர் இறந்தார்.’

பெருந்துறையில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதப்பட்டிருந்தது. லேபில் மாணவர்கள் இருந்தார்கள். யாரும் பார்ப்பதற்கு முன்னால் நானே அந்த வரியை நீக்கினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘சான்று இல்லை’ என்று தட்டினேன்.

சான்று இருந்தது. அது நான்தான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பொறியியல் இரண்டாம் வருடம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். கிணற்றின் அடியில் பாறை தட்டியிருந்தது. பாறையில் குழி போட்டு, மருந்து அடைத்து, திரி வைத்துப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் தள்ளி நின்று சத்தத்தை எண்ண வேண்டும். எத்தனை குழியோ அத்தனை சத்தம். ஒன்று குறைந்தால் வெடிக்காத வேட்டு உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. அந்த வேலைக்கு இதுதான் முதல் பாடம்.

அன்று நான்கு குழி. நானும் தென்னை மரத்தடியில் நின்று எண்ணினேன். ஒன்று. இரண்டு. கொஞ்சம் பொறுத்து மூன்று. அதற்குப் பிறகு கல் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம்தான். புகை அடங்கிக்கொண்டிருந்தது. வேட்டு வைக்கிறவர் பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் மனைவியும் அங்கேதான் கல் கூடை சுமந்துகொண்டிருந்தார்.

“மூணு கேட்ட மாதிரி இருந்துச்சுங்க,” என்றார் அவர்.

“ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சிருக்கும். நாலும் ஆச்சு,” என்றார் பெரியப்பா. மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆளிடம் பேச்சைத் தள்ளிவிடுவார்கள். அந்த மூன்றாவது ஆள் மெதுவாக இல்லை என்று சொல்வார். யாருக்கும் மரியாதை கெடாது. பெண் பார்த்துப் பிடிக்காவிட்டாலும் இதுதான், வரப்புத் தகராறானாலும் இதுதான். அந்த மனிதர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சின்னவரு காலேஜ்ல படிக்கறாருங்க. அவரு எத்தன கேட்டாருன்னு சொல்லட்டுங்க.”

அவர் கேட்டது கணக்கு இல்லை. எனக்காக நீ இல்லை என்று சொல் என்று கேட்டார். அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. அதைப் புரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

“நாலுங்க பெரியப்பா,” என்றேன்.

அவர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். அரைமணி நேரம் போயிருக்கும். கடப்பாரை பட்ட இடத்தில் நான்காவது வேட்டு இருந்தது. கால் தவறிக் கிணற்றில் விழுந்ததாகப் போலீஸில் எழுதிக்கொண்டு போனார்கள். பேப்பரில் வரவில்லை. லீவு முடிந்து நான் கல்லூரிக்குப் போய்விட்டேன்.

நீக்கிய வரி மறுநாளே திரும்ப வந்திருந்தது. அதற்குள் பெரியப்பாவின் மில் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்த ஆபரேட்டருக்கு வேலையே இதுதான் என்று ஆனது. அவர் நீக்குவார், பெருந்துறையிலிருந்து சேர்ப்பார்கள். சாயங்காலம் ஆபரேட்டர் வீட்டுக்குப் போனதும் சேர்ப்பார்கள், காலையில் அவர் வந்ததும் நீக்குவார். நான் இரண்டு பக்கமும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அந்தப் பக்கம் இப்போது எந்த நிலையில் இருக்கும் என்றே ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் வாத்தியார் பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: ‘காவலர் தம்பி முடிவு சொன்னால் நன்றாயிருக்கும்ங்க. விதி எல்லாருக்கும் பொதுதானுங்களே.’ தோழனும் வெளிநாட்டிலிருந்து அதையே எழுதினான். உன் ஊர்தானே, விசாரித்துச் சொல்லேன் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பெரியப்பா தோட்டத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று தயாராக இருந்தது. உபயதாரர் பக்கத்தில் அவர் படமும் கிணற்றைப் பற்றி நான்கு வரியும். ‘ஆண்டவன் அருளால் ஒரு குறையும் இன்றி நிறைவேறிய திருப்பணி.’

“அச்சுல இருந்தாப் போதுமாமா. ஆபரேட்டர் சொன்னான். இந்தா, எடுத்துட்டுப் போ.”

நான் மலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“எனக்கு அன்னைக்கே மனசு ஒப்பல கண்ணு. சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ நாலுன்னு சொன்ன பொறகுதான் எறக்குனேன். நீ படிச்சவன். நீ சொன்னா செரியா இருக்குமுன்னு நெனச்சேன். இத ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. உன்ற பேரு வெளிய வரக் கூடாதுன்னு இத்தன வருசமா வாயத் தொறக்கல.”

அவர் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவர் நினைவில் நான்தான் முதலில் நாலு என்று சொன்னவன், அவர் அதைக் கேட்டுக்கொண்டவர். என் நினைவில் அவர்தான் முதலில் சொன்னார். பழைய வடிவம் எதுவென்று எடுத்துப் பார்க்க மனிதன் மண்டைக்குள் பதிவேடு கிடையாது. இத்தனை வருடமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். நான் மூன்று என்று எழுதினால் அவரைக் காட்டிக்கொடுப்பதாகவும் ஆகும், என்னையே கொலைகாரன் என்று சொல்லிக்கொள்வதாகவும் ஆகும். எழுதாவிட்டால் செத்தவருக்குத் திரும்பவும் துரோகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

“சாப்புட்டுட்டுப் போ கண்ணு,” என்றார். சாப்பிட்டுவிட்டு மலரோடு பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஒரு பெண் லேபுக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தோளில் கைப்பை, கையில் மடித்த குடை. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருக்கிறாளாம். தளத்தின் அடியில் கல்லூரி முகவரியை நான்தான் போட்டுவைத்திருந்தேன். அதைப் பார்த்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“ஏனுங்க சார், அந்தக் கெணத்துப் பக்கத்தப் பாத்துக்கறது நீங்கதானுங்களா?”

ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னேன். கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தேன். அவள் டீயைத் தொடவில்லை.

“செத்தவரு எங்கப்பாங்க. அச்சுல இருக்கணுமுன்னு போட்டிருக்கீங்க. பேப்பர்ல வரலீங்க, போலீஸ்லயும் வேற மாதிரி எழுதிட்டாங்க. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இப்ப முடியறதில்லீங்க. கண்ண மூடறதுக்குள்ள எங்கயாச்சும் ஒரு எடத்துல சரியா எழுதியிருக்கறத அது காதுல படிச்சுக் காட்டணுமுங்க. அவ்வளவுதானுங்க. கேஸு கீஸுன்னு ஒண்ணுக்கும் போகலீங்க.”

நான் மேசை மேலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒருத்தர் பாத்திருக்காருங்க,” என்றாள். “காலேஜ்ல படிச்சுட்டிருந்த பையனாமா, அவிங்க ஊட்டுப் பையன். நாலு கேட்டதா அவருதான் சொன்னாராமா. பாவம், அவரு தப்பா எண்ணியிருக்கலாமுங்க. சின்ன வயசுங்களே. இப்ப பெரிய வேலையில இருப்பாருங்க. அவர எப்படியாச்சும் கண்டுபுடிச்சு ஒரு வார்த்த கேக்க முடியுங்களா? அவரு மூணுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதுமுங்க, நான் எங்கயாச்சும் அச்சுல போட வெச்சுக்கறேன்.”

பாவம் என்று சொன்னாள். வசவாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அறையில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தால் கதவுப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“பாக்கலாங்க அம்மணி,” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ‘பாக்கலாங்க’ என்றால் முடியாது என்றுதான் அர்த்தம் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, எங்கள் ஊர்ப் பக்கம் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“நீங்க எந்த ஊருங்க சார்?”

“கொடுமுடிங்க,” என்றேன்.

வாத்தியாருடைய ஊர் அது. வாயில் அதுதான் வந்தது. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு “சரிங்க, வாரனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலமே பக்கத்தைப் பூட்டினேன். விதிப்படி அச்சில் சான்று இருந்த வடிவம் நின்றது. ‘ஒரு குறையும் இன்றி நிறைவேறிய’ என்பதற்குக் கும்பாபிஷேக மலரின் பக்க எண்ணையும் கொடுத்தேன். வாத்தியார் பாராட்டி எழுதினார். தோழனுக்கும் திருப்தி. பெரியப்பா ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். அதை அப்படியே கேன்டீனில் கொடுத்துவிட்டேன்.

கட்டுரைப் பக்கத்தைப் பூட்டினால் அதன் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கம் பூட்டாது. அப்படித்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை அதில் பெருந்துறையிலிருந்து ஒரு வரி வந்திருந்தது.

‘மூன்று சத்தம் கேட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இதற்குக் கீழே எழுதவும்ங்க.’

யாரும் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தளம் இருந்தது. காலையில் லேபைத் திறந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். அவள் வரிக்குக் கீழே காலியிடம். சிலநாள் ‘திருத்து’ பொத்தானை அழுத்திவிடுவேன். கட்டம் திறக்கும். கோடு விட்டு விட்டு மினுக்கும். ஒருநாள் ‘மூ’ என்று தட்டினேன். பையன்கள் வருகிற சத்தம் கேட்டதும் அழித்துவிட்டேன். நான் எழுதினாலும் விதிப்படி அது நிற்காது, நினைவு சான்றாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த விதிக்குள் ஒளிந்துகொள்ள நல்ல வசதியாக இருந்தது. வெளியே வரத்தான் வழி இல்லை.

பிறகு தோழன் படிப்பு முடிந்து பல்கலைக்கழகத்தை விட்டுப் போனான். அவனுக்குக் கொடுத்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அரிசிம்பருப்பு, தேங்காய், கிணறு, அவளுடைய வரி எல்லாம் ஒரே நாளில் போயிற்று. அவள் அம்மா அதற்கு முன்பே காலமாகியிருக்கலாம். போய் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியப்பாவும் இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்ற பேர நான் வெளிய உடல கண்ணு என்றார். அப்போதும் நான் சரிங்க பெரியப்பா என்றுதான் சொன்னேன்.

இது புத்தகமாக வரப்போகிறது. புத்தகம் என்றால் அச்சு. நானே போட்ட விதிப்படி அச்சில் வந்தது சான்று. ஆகவே எழுதுகிறேன்: நான்கு வேட்டு வைத்தார்கள். மூன்று சத்தம்தான் கேட்டது. எனக்கு நன்றாகக் கேட்டது. வேட்டு வைத்தவர் தப்பாக எண்ணவில்லை, நானும் தப்பாக எண்ணவில்லை.

ஆனால் அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் ஊர் தெரியும், கிணறு தெரியும். பெரியப்பாவின் பேரன்கள் அந்த மில்லைத்தான் நடத்துகிறார்கள், பொங்கலுக்கு என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறார்கள். பெயரில்லாத சான்றை எந்தக் கலைக்களஞ்சியமும் எடுத்துக்கொள்ளாது என்பது இந்த வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? அந்தப் பெண் எங்காவது இதைப் படித்தால் அவளுக்கு உடனே புரியும். குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று எந்த ஊருங்க என்று கேட்டாள். இத்தனை பக்கம் எழுதியும் அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.